ஓடாவியின் கூலி – அத்தியாயம் 6: பழவேற்காடு திருப்பி அனுப்பிய கப்பல்

(சென்ற வாரம்: 1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு பழவேற்காட்டில் கடை விரித்த டச்சுக்காரர்கள், அங்கே வேறு எந்த வெள்ளைக்காரனையும் காலூன்ற விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் கடலில் ஒரு பாய்மரம் தெரிந்தது.)

1611 ஆகஸ்ட். பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியே ஓர் ஆங்கிலக் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. பெயர் குளோப். லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏழாவது பயணம் இது. கப்பல் தலைவர் ஆன்டனி ஹிப்பன் ஆங்கிலேயர். பயணத்தின் வியாபார மூளை வேறொருவர். பீட்டர் ஃப்ளோரிஸ் என்ற பெயரில் கையெழுத்திடும் அந்த மனிதர் பிறவி டச்சுக்காரர். முன்பு டச்சுக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர், இப்போது ஆங்கிலேயர் சம்பளத்தில் அதே கரைக்கு வந்திருக்கிறார். கூடவே லூகாஸ் ஆந்தூனிஸ் என்ற இன்னொரு டச்சுக்காரரும் இருக்கிறார். பழைய முதலாளியின் கடைக்கு எதிரிலேயே புதுக்கடை போட வந்தவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைக்கும்?

டச்சுத் தலைவர் ஜான் வான் வெசிக் வளவளக்கவில்லை. ராயர் கொடுத்த சாசனப்படி இந்தத் துறையில் எங்களைத் தவிர ஹாலந்து இளவரசரின் சீட்டில்லாத எவரும் வியாபாரம் செய்ய முடியாது, போகலாம் என்றார். ஊரை ராணி ஓபாயம்மாவின் சார்பில் நிர்வகித்தவர் கொண்டம்மா என்ற பெண்மணி. அவரைப் பார்த்துப் பேச ஃப்ளோரிஸ் காத்துக் கிடந்தார். பயனில்லை. குளோப் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வடக்கே மசூலிப்பட்டினம் பக்கம் போய்விட்டது.

பழவேற்காடு திருப்பி அனுப்பிய இந்தக் கப்பலை நாம் விடாமல் துரத்திக்கொண்டு போக ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து, இதே கிழக்குக் கரையில், இதன் உயிர் உள்ளூர் ஓடாவிகளின், அதாவது கப்பல் தச்சர்களின், வாய்ச்சி முனையில் தொங்கப் போகிறது. அந்த வாய்ச்சிக்கு என்ன கூலி என்பதுதான் இந்தத் தொடரின் விஷயம்.

*

வெப்பக் கடலில் மரக்கப்பலுக்கு எமன் புயல் மட்டும் இல்லை. கப்பல் புழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். நீருக்கடியில் உள்ள பலகையில் ஊசி முனை அளவில் துளை போட்டு நுழைந்து, உள்ளே விரல் தடிமனுக்கு வளர்ந்து, மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை பழுதில்லாமல் இருக்கும், தட்டினால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். ஓக் மரத்தில் கட்டிய ஐரோப்பியக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் இரண்டு மூன்று வருடம் சுற்றினால் வயிறு சல்லடையாகிவிடும். அதற்காகவே அவர்கள் கப்பலின் அடிப்பகுதிக்கு மேல்சட்டை போல இன்னொரு அடுக்குப் பலகை அடித்து, இடையில் தாரும் மயிரும் வைத்து அடைத்தார்கள். புழு வெளிப்பலகையைத் தின்றுவிட்டு நிற்கும் என்ற நம்பிக்கை. அந்தப் பலகையை அவ்வப்போது மாற்றியாக வேண்டும்.

நம் கரையில் வைத்தியம் வேறு. சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்து அடிப்பகுதியில் பூசுவது, தேக்கில் கட்டுவது, பலகை இடுக்குகளில் பஞ்சோ கயிற்று நாரோ திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றிக் கலப்பத்துப் பார்ப்பது. கப்பலைக் கரையேற்றி, சாய்த்து, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் புரட்ட வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் கப்பலின் முதுகெலும்பான ஏராவே முறிந்துவிடும்.

இந்த வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கம்பெனியே ஒரு சாட்சி வைத்திருந்தது. 1609-இன் கடைசி நாட்களில் டெப்ட்ஃபோர்டு துறையில் முதலாம் ஜேம்ஸ் மன்னரே வந்து நின்று வெள்ளோட்டம் விட்ட கப்பல் 'டிரேட்ஸ் இன்க்ரீஸ்'. ஆயிரம் டன்னுக்கு மேல். அதுவரை ஆங்கிலேய வணிகர்கள் கட்டியதிலேயே பெரியது. புழு தின்ற அந்த வயிற்றைச் சரிசெய்யச் சாவகத்தில் பாண்டம் துறை அருகே சாய்த்து வைத்தார்கள். காய்ச்சல் புகுந்தது. மாலுமிகள் செத்தார்கள். கூலிக்கு வந்த சீனத் தொழிலாளிகள் அவர்களைவிட அதிகமாகச் செத்தார்கள். தலைவர் சர் ஹென்றி மிடில்டனும் 1613-இல் இறந்தார். கடைசியில் கப்பலுக்கு யாரோ தீ வைத்தார்கள். மன்னர் கைவைத்த கப்பலின் முதல் பயணமே கடைசிப் பயணம்.

குளோப் அதற்குள் மலாய்க் கரையிலுள்ள பட்டாணி, சயாம் எல்லாம் சுற்றியிருந்தது. 1612 ஜூலையில் பட்டாணியில் ஹிப்பன் இறந்துபோனார். 1613 டிசம்பரில் கப்பல் மறுபடி மசூலிப்பட்டினம் வந்தபோது அதன் பலகைகளுக்கு வயது தெரிய ஆரம்பித்திருந்தது. இந்த நிலையில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி லண்டன் போவது தற்கொலை. ஃப்ளோரிஸ் இடம் தேடினார். 1614-இன் தொடக்கத்தில் கப்பலைக் கோதாவரியின் கிளை ஆற்று முகத்துவார மணல்மேட்டைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரின் பெயர் நரசாபூர்.

அந்தக் காலத்து வங்கக் கடலோரத்தில் கப்பல் வேலைக்கு நரசாபூரை மிஞ்சிய ஊர் குறைவு. மலைக்காட்டுத் தேக்கு ஆற்றோடு மிதந்து வந்து வாசலிலேயே இறங்கும். இரும்பு பக்கத்திலேயே கிடைக்கும். ஆணி அடிக்கும் கொல்லன், மரம் அறுக்கும் ஆள், வங்கு வளைக்கும் ஓடாவி, கலப்பத்துக்காரர், கயிறு திரிப்பவர் என எல்லோரும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தார்கள். அறுபது வருடம் கழித்து அந்தப் பக்கம் வந்த தாமஸ் பௌரி என்ற ஆங்கில மாலுமியும், அங்கே மரமும் இரும்பும் தச்சரும் மலிவாகக் கிடைப்பதைக் குறித்து வைத்திருக்கிறார்.

'மலிவு' என்பது கப்பல்காரன் கணக்கு. ஓடாவியின் கணக்கை இனிப் பார்ப்போம்.

*

அதற்கு நல்ல அளவுகோல் ஒன்று நம்மிடம் உண்டு. அக்பரின் அரசவையில் அபுல் ஃபஸல் தொகுத்த 'ஆயினி அக்பரி', 1590-களின் கூலிப் பட்டியலை வரிவரியாகத் தருகிறது. ஆக்ராப் பக்கத்துக் கணக்குதான். ஆனாலும் தச்சு வேலைக்கு அந்தக் காலத்தில் போட்ட விலை அதில் துலக்கமாகத் தெரிகிறது. தச்சர்களை ஐந்து தரமாகப் பிரித்திருந்தார்கள். முதல் தரத்துக்கு நாளுக்கு 7 தாம். அடுத்து 6, 4, 3. கடைசித் தரத்துக்கு 2 தாம். நாற்பது தாம் சேர்ந்தால் ஒரு ரூபாய்.

முதல் தரத் தச்சன் மாதம் முழுக்க உழைத்தால் ஐந்தேகால் ரூபாய். ஐந்தாம் தரத்தான் ஒன்றரை ரூபாய். சாதாரண மண்சுமக்கும் கூலியாளுக்கும் அதே 2 தாம்தான். அப்படியானால் கையில் உளி இருந்தாலும் பட்டியலில் உன்னை ஐந்தாவது வரியில் எழுதிவிட்டால், உளிக்குத் தனி மதிப்பு இல்லை. ஒருவனை எந்த வரியில் எழுதுவது என்று தீர்மானித்த அதிகாரியின் பேனாவுக்குத்தான் அங்கே விலை. இந்த இடத்தை மனத்தில் குறித்து வையுங்கள், திரும்ப வருவோம்.

இனி லண்டன். ஆங்கிலேய மன்னரின் கப்பல் துறைகளில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கப்பல் தச்சனுக்கு நாள் கூலி 2 ஷில்லிங் 1 பென்னி, அதாவது 25 பென்னி. அப்போதைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 27 பென்னி என்று வைத்துக்கொண்டால், ஆக்ராவின் முதல் தரத் தச்சனின் 7 தாம் ஐந்து பென்னிகூட வராது. ஐந்து மடங்கு வித்தியாசம்!

பார்த்தீர்களா, இந்தியன் அன்றைக்கே பிச்சைக் கூலிக்கு உழைத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஆயினி அக்பரி கோதுமை விலையையும் தருகிறது: ஒரு மணங்கு 12 தாம். அக்பர் காலத்து மணங்கு நம் கணக்கில் ஏறத்தாழ 25 கிலோ. ஆக, முதல் தரத் தச்சன் ஒரு நாள் கூலியில் 14 கிலோவுக்கு மேல் கோதுமை வாங்கலாம். பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்றாசிரியர் 1998-இல் இதைப் பெரிய விவாதமாகவே கிளப்பினார். தென்னிந்தியத் தொழிலாளியின் கூலியை வெள்ளியில் அளக்காதீர்கள், தானியத்தில் அளந்தால் 18-ஆம் நூற்றாண்டில்கூட அவன் ஆங்கிலேயத் தொழிலாளிக்குச் சளைத்தவனாக இருக்கவில்லை என்றார். ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் 2006-இல் மறுத்து எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டைப் பற்றித்தான் அவர்களுக்குச் சண்டை. 16-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு வந்தால் பிராட்பெரி, குப்தா கணக்கிலும் இந்தியக் கூலியாள் வெள்ளியில் ஆங்கிலேயனில் ஐந்தில் ஒரு பங்கு, தானியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று மேல். கப்பல்காரன் வெள்ளியை எண்ணிக் கொடுத்தான், ஓடாவி வீட்டு அடுப்பு தானியத்தைக் கேட்டது. ஐரோப்பியக் கம்பெனிகளின் லாபத்தில் ஒரு பங்கு இந்த இரண்டு அளவைகளுக்கும் இடையே உள்ள இடுக்கிலிருந்து வந்தது என்பது என் கட்சி.

லண்டன் தச்சனைப் பார்த்துப் பொறாமைப்படவும் அவசரம் வேண்டாம். அந்த 25 பென்னி காகிதக் கூலி. 1665-66 போர்க்காலத்தில் கடற்படை அலுவலகத்தின் செயலராக இருந்த சாமுவேல் பெப்பிஸின் நாட்குறிப்பைப் புரட்டினால், மாதக்கணக்கில் சம்பளம் காணாத கப்பல் துறைத் தொழிலாளிகள் அலுவலக வாசலில் வந்து கத்துவது கேட்கும். அவர்களுக்குக் கஜானாவில் காசில்லை என்று பதில். பிறகு அந்த 25 பென்னி நூறு வருடம் நகரவேயில்லை. விலைவாசி ஏறியது, கூலி அப்படியே நின்றது.

எப்படிச் சமாளித்தார்கள்? சிராய். வேலையில் விழும் மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. மூன்றடிக்கு மேல் நீளம் கூடாது. கூலி வராத வயிறு இந்த விதியை எப்படி வளைக்கும்? நல்ல பலகையையே மூன்றடித் துண்டுகளாக அறுக்க ஆரம்பித்தார்கள். மாலை மணி அடிக்கும்போது தோளில் சுமையோடு வரிசையாக வெளியேறுவார்கள். மன்னரின் ஓக் மரம் படிக்கட்டாகவும் ஜன்னலாகவும் ஊருக்குள் போனது. 1801-இல்தான் அரசாங்கம் இந்த உரிமையைப் பறித்து, பதிலுக்கு நாளுக்கு 6 பென்னி கொடுத்தது. அந்தச் சிராய்க்குப் பின்னால் வந்த கலவரத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும், வரும்.

டச்சுக் கம்பெனியின் கணக்கு இன்னும் தந்திரமானது. சாதாரண மாலுமிக்கு மாதம் 10 கில்டர் அளவில். கப்பலின் தலைமைத் தச்சனுக்கு அதுபோல மூன்று மடங்குக்கு மேல். நடுக்கடலில் கப்பலைக் காப்பாற்றுகிற கை அவனுடையது என்று கம்பெனிக்குத் தெரியும். ஆனால் பெரும் பகுதியை ஊர் திரும்பிய பிறகுதான் எண்ணித் தருவார்கள். மனைவி மக்கள் வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு எழுதி வைக்கலாம். அந்தக் கம்பெனியின் இரண்டு நூற்றாண்டு ஆயுளில் பத்து லட்சம் பேர் அளவில் ஆசியாவுக்குக் கப்பலேறினார்கள். திரும்பியவர்கள் அதில் பாதிகூட இல்லை.

*

கொஞ்சம் இடைவேளை. 1614-ஐ அப்படியே ஆற்றில் நிறுத்திவிட்டு நம் காலத்துக்கு ஒரு நடை வந்துவிடுவோம்.

மீஞ்சூர் தாண்டி காட்டூர்ப் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால், ஏரியும் உப்பங்கழியும் வயலும் ஒன்றோடொன்று கலந்த நிலம். பழவேற்காடு ஏரியை நம்பிய குப்பங்களில் கூலி என்ற பேச்சு அதிகம் எழுந்ததில்லை. அங்கே பாடு உண்டு. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும் ஏற்பாடு. பிடித்ததைப் பங்கு போடுவார்கள்: படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. மீன் இல்லாத நாளில் எல்லோருக்கும் இல்லை.

இந்த நிலத்தின் தெற்கே, காட்டுப்பள்ளியில், லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல் கட்டும் தளம் வந்தது. பக்கத்திலேயே துறைமுகம், அது 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. தளத்தில் கட்டிய 'விக்ரம்' என்ற ரோந்துக் கப்பல் அதே 2018-இல் கடலோரக் காவல் படையில் சேர்ந்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் பழுது பார்க்க வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குளோப் நங்கூரம் போட்டதும் ஆகஸ்ட், இதுவும் ஆகஸ்ட். கடலும் ஏறக்குறைய அதே கடல். 1611-இல் போ என்றார்கள், 2022-இல் பாதுகாப்புத் துறைச் செயலரே நேரில் போய், வா என்று வரவேற்றார்.

ஏன் வந்தது? உறவு, ராஜதந்திரம் எல்லாம் சரி. அமெரிக்காவில் அந்த ஆண்டு ஒரு வெல்டரின் நடுத்தர வருடச் சம்பளம் சுமார் 47,500 டாலர். காட்டுப்பள்ளியில் தீப்பொறிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வெல்டரின் வீட்டில் யாரும் டாலரில் எண்ணுவதில்லை. ஃப்ளோரிஸின் வெள்ளிக் கணக்கு நானூறு வருடம் கழித்தும் செல்லுபடியாகிறது என்று சொன்னால் யாராவது மறுக்கட்டும்.

தரம் பிரிக்கும் பேனாவும் அப்படியே இருக்கிறது. அன்ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, ஸ்கில்டு என்று இப்போது தலைப்புகள். வெல்டிங் பிடிக்கிறவனை ஹெல்பர் என்று எழுதினால் ஹெல்பர் சம்பளம். கப்பல்காரனுக்கும் வெல்டருக்கும் நடுவே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே உள் ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்காகவே 1970-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. வேலைக்கேற்ற வரியில் பெயரை எழுத வைப்பதுதான் பாடு. நிலத்தையும் கரையையும் விட்டுக்கொடுத்த மீனவ ஊர்க்காரர்கள், சொன்னபடி நிரந்தர வேலை கொடு என்று பலமுறை வீதிக்கு வந்ததும் இந்த ஒரு வரிக்காகத்தான். அவர்கள் கேட்டது சம்பள உயர்வைக் காட்டிலும் பெரிய விஷயம்: எந்தப் பதிவேட்டில் தங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பது.

*

நரசாபூருக்குத் திரும்புவோம். கப்பல் சேற்றில் காத்திருக்கிறது.

1614-இன் கோடை. குளோப்பின் சரக்கை இறக்கி, உடம்பைத் திறந்து போட்டிருக்கிறார்கள். மே மாதம் ஹிப்பனுக்குப் பின் தலைவராக இருந்த தாமஸ் எஸ்ஸிங்டனும் திடீரென்று இறந்தார். இரண்டு தலைவர்களை மூன்றே வருடத்தில் விழுங்கிய கப்பல். ஃப்ளோரிஸுக்கு மசூலிப்பட்டினத்தில் வேறு தலைவலி: சரக்கை வாங்கிக்கொண்ட அரசாங்க அதிகாரிகள் பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார்கள். கப்பல் வேலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் காசு வேண்டும், காசு மசூலிப்பட்டினத்துப் பெரிய மனிதர்களின் பையில் இருக்கிறது. அதே வருடம் லண்டனில் கம்பெனி பிளாக்வால் என்ற இடத்தில் சொந்தமாக ஒரு புதிய கப்பல் துறை கட்டத் தொடங்கியிருந்தது என்பது இங்கே சேற்றில் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜூலையில் கதவு தட்டப்பட்டது. வந்தவர்கள் தெற்கிலிருந்து வந்த தூதர்கள். பழவேற்காட்டு ராணி ஓபாயம்மாவும் அவர் உறவினர் ஜக்கராயரும் கடிதம் அனுப்பியிருந்தார்கள். கூடவே வேலூரிலிருந்து ஆண்ட வேங்கடபதி ராயரின் ஒரு வெள்ளைத் துணி. அதில் எழுத்து இல்லை. சந்தனத்திலோ குங்குமப்பூவிலோ தோய்த்துப் பதித்த ராயரின் கைத்தடம் மட்டும் இருந்தது. வா, உனக்கு அபயம் என்று அர்த்தம். இடம் எங்கே தெரியுமா? பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் முந்தைய வருடம்தான் எழுப்பிய கெல்டிரியா கோட்டைக்கு எதிரிலேயே!

மூன்று வருடத்துக்கு முன் துரத்திய துறை இப்போது தானாக அழைக்கிறது. பழைய முதலாளியின் கோட்டை வாசலில் ஆங்கிலக் கொடி. ஃப்ளோரிஸ் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்! போவதற்குக் கப்பல் வேண்டும். கப்பல் நரசாபூர் ஆற்றங்கரையில், ஓடாவிகளின் கையில் கிடந்தது.

ஆகஸ்ட் பிறந்தது. மேற்கே கோதாவரியின் மலைப்பகுதிகளில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நிறம் மாறியது. இருபத்தொன்பது வருடங்களில் எவரும் காணாத வெள்ளம் என்று பின்னால் ஃப்ளோரிஸ் எழுதப் போகும் வெள்ளம் அது. கரையோரம் மலைபோல் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து ஓடியது. நெற்குவியல்கள் போயின, ஊர்கள் போயின, ஆயிரக்கணக்கில் மனிதர்களும் மாடுகளும் மூழ்கினார்கள். சாலைகளின் மேல் ஆள் உயரத்துக்கும் மேலாகத் தண்ணீர் ஏறியது.

அந்த ஆற்றில்தான் இருந்தது, ராயரின் கைத்தடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய குளோப்.

(அடுத்த வாரம்: வெள்ளம் வடிந்தபின் ஃப்ளோரிஸ் கண்டது, கடனை வசூலிக்க மசூலிப்பட்டினத்துச் சுங்கச் சாவடியிலிருந்து ஒரு பெரிய இடத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன கதை, வேலூரிலிருந்து வந்த சாவுச் செய்தி.)